சாப்பாட்டைப் பற்றி எப்படிக் கேட்டால் உண்மை கிடைக்கும்? (ஆய்வேட்டுக்காக உதவி தேவை)

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். பொது சுகாதாரத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீடுகளில் தாயும் குழந்தையும் என்ன சாப்பிடுகிறார்கள், அந்த வீட்டில் உணவை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வேடு. கேள்வித்தாளில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் உணவுப் பழக்கம். இரண்டாவதில் கை கழுவுவது, பச்சை இறைச்சியைத் தனியாக வைப்பது, மிச்ச உணவை மூடி வைப்பது இந்த மாதிரி.

முன்னோட்டமாக 30 வீடுகளுக்குப் போய் வந்தேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து பதில்களைக் கணினியில் ஏற்றினேன். ஏற்ற ஏற்ற மனசு கனத்துப் போய்விட்டது. "சமைக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவீர்களா?" என்ற கேள்விக்கு 28 பேர் ‘எப்போதும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். "கெட்டுப்போன உணவைக் குழந்தைக்குக் கொடுப்பதுண்டா?" என்றதற்கு 30 பேருமே ‘இல்லை’. காய்கறி, பழம் வாரத்தில் எத்தனை நாள் என்றால் எல்லா வீட்டிலும் ஆறு, ஏழு.

ஆனால் நான் பெண் என்பதால் பல வீடுகளில் சமையலறைக்குள்ளேயே உட்கார வைத்துத்தான் பேசினார்கள். ஒரு வீட்டில் அந்த அக்கா கோழிக்கறி நறுக்கிக்கொண்டே பதில் சொன்னார். பேச்சு நடுவில் குழந்தை அழுதது. கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு அதே கத்தியால் பழத்தை நறுக்கிக் குழந்தை கையில் கொடுத்தார். அப்போது நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, ‘பச்சை இறைச்சிக்கும் மற்ற உணவுக்கும் தனிக் கத்தி வைத்திருக்கிறீர்களா’ என்பது. அவர் ஆமாம் என்றார். நான் ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தேன். அந்த டிக் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு குழப்பம். முந்தைய நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு பக்கம் கேட்டிருந்தேன். அதைக் கலோரியாகக் கணக்குப் போட்டால், சில தாய்மார்களுக்கு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் செலவாகும் அளவுகூட வரவில்லை. அவர்கள் நன்றாக நடமாடுகிறவர்கள், எடையும் குறையவில்லை.

இவர்கள் எல்லோரும் என்னிடம் பொய் சொன்னார்களா? கேள்வித்தாளை மாற்ற வேண்டுமா, இல்லை தலைப்பையே மாற்ற வேண்டுமா? நானும் இன்னொரு தோழியும்தான் களத்துக்குப் போகிறோம். கையில் இருப்பது இரண்டரை மாதம். களத்தில் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.


பதில் 1

தங்கச்சி, நான் பத்தொன்பது வருடமாக உணவு சர்வேக்களில் இருக்கிறேன். முதலில் வீடு வீடாகப் போய்க் கேட்பவளாக, இப்போது கேட்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளாக. உங்கள் பதிவைப் படித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த டிக் உங்களை உறுத்துகிறது என்றால் நீங்கள் இந்த வேலைக்குச் சரியான ஆள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது ‘நீங்கள் எப்படிப்பட்ட தாய்’ என்ற கேள்வியை. "எப்போதும் கை கழுவுவீர்களா" என்று வீட்டுக்கு வந்த ஒருவர் பேனாவும் தாளுமாகக் கேட்டால், எந்த அம்மா இல்லை என்பார்? அவர் சொன்னது தனக்குச் சரி என்று தெரிந்ததை. அதுவும் ஒரு தகவல்தான், ஆனால் அது அறிவைப் பற்றிய தகவல். செய்கையைப் பற்றியது வேறு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து குடிநீர், சுகாதாரத்தைக் கண்காணிக்கும் திட்டத்தில், ‘கை கழுவுகிறீர்களா’ என்ற பதிலை வைத்து நாடுகளை ஒப்பிடுவதில்லை. கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்பதைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். வீட்டு சர்வேக்களில் அந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தே குறிப்பார்கள். நீங்களும் அந்த ஒரு கேள்வியை எடுத்துவிட்டு, "கை கழுவும் இடத்தைக் காட்டுங்கள் அக்கா" என்று எழுந்து போய்ப் பாருங்கள். சோப்பு ஈரமாக இருக்கிறதா, காய்ந்து வெடித்திருக்கிறதா என்பதுகூடக் கதை சொல்லும்.

இனி அந்தக் கலோரிக் கணக்குக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் என் முதல் வருடத்தில் நானே இதில் தடுமாறினேன்.

ஒரு வீட்டில் இளம் தாய். காலையில் எதுவும் இல்லை, மதியம் ஒரு தட்டு, இரவு அரைத் தட்டு. அவ்வளவுதான் என்றார். எழுதிக்கொண்டேன். கிளம்பும் நேரத்தில் குழந்தை பாதி சாப்பிட்டுவிட்டு ஓடியது. அவர் பேசிக்கொண்டே அந்தக் கிண்ணத்தில் இருந்ததை மூன்று வாயில் முடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போட்டார். நான் கேட்டேன்: "அக்கா, நேற்றும் இப்படி மிச்சம் இருந்ததா?" அவர் சிரித்தார். "தினமும்தான். அதையெல்லாம் யாராவது சாப்பாடுன்னு சொல்வாங்களா?"

மறுபடி உட்கார்ந்தேன். நேற்று குழந்தை எத்தனை தடவை மிச்சம் வைத்தது, கிண்ணத்தில் எவ்வளவு உயரத்துக்கு இருந்தது என்று விரலால் காட்டச் சொன்னேன். அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தேன். நாலு வேளை மிச்சம், உப்புப் பார்க்க எடுத்த கரண்டிகள், இரவு பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்தது, பெரியவர்களுக்கு டீ போடும்போது தனக்கும் ஊற்றிக்கொண்ட அரைக் குவளை. கூட்டினால் அவர் முதலில் சொன்ன மதியச் சாப்பாட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. அந்த அம்மாவின் மனதில் ‘சாப்பாடு’ என்ற சொல்லுக்குள் இவை எதுவும் இல்லை. உட்கார்ந்து, தனக்கென்று தட்டில் போட்டுச் சாப்பிடுவதுதான் சாப்பாடு. நின்றுகொண்டு சாப்பிட்டதைக் கேட்க என் கேள்வித்தாளில் இடமே இல்லை. பிழை என் தாளில் இருந்தது.

குறைத்துச் சொல்வது உங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க இப்படித்தான். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டியூட்டீரியம், ஆக்சிஜன்-18 என்ற இரண்டு கனமான அணுக்கள் கலந்த தண்ணீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். டியூட்டீரியம் உடலிலிருந்து நீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், அந்த உடம்பு எவ்வளவு சக்தி செலவழித்தது என்று தெரிந்துவிடும். எடை மாறாமல் இருப்பவர் செலவழித்த அளவுக்குச் சாப்பிட்டுத்தானே இருக்க வேண்டும்? அதை அவர் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டபோதுதான், படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை என்று எல்லாத் தரப்பிலும் பலர் குறைத்துச் சொல்வது வெளிப்பட்டது. இந்தச் சோதனையை உங்களால் செய்ய முடியாது, செலவு அதிகம். ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவரைச் சந்தேகமாகப் பார்க்க மாட்டீர்கள்.

சரி, எப்படிக் கேட்பது? அமெரிக்க வேளாண்மைத் துறை உருவாக்கிய ஐந்து சுற்று முறை ஒன்று உண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் நேற்று சாப்பிட்டதை அவர் போக்கில் சொல்ல விடுவது. குறுக்கே பேசக் கூடாது. அடுத்து, மறக்கக்கூடியவற்றை நீங்கள் நினைவூட்டுவது: குடித்தவை, கொறித்தவை, இனிப்பு, பழம். மூன்றாவது, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு, எந்த வேளை. நான்காவது, எப்படிச் சமைத்தது, எவ்வளவு. கடைசியாக, வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று ஒருமுறை. இரண்டாவது சுற்றில், நான் மேலே சொன்ன குழந்தையின் மிச்சம், ருசி பார்த்தது, பாத்திரத்து அடி மூன்றையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முகத்தையும் பழக்க வேண்டும். காய்கறி சொன்னால் ‘நல்லது’ என்று தலையாட்டுவதும், சர்க்கரை சொன்னால் புருவம் உயர்வதும் அடுத்த பதிலைக் கெடுத்துவிடும். "அவ்வளவுதானா?" என்று கேட்கவே கூடாது. அதைக் கேட்டால் குறைவாகச் சாப்பிட்டவருக்குக் கூச்சம் வரும். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். என் பயிற்சி வகுப்பில் முதல் நாள் முழுக்க இந்த ஒரு சொல்லைத்தான் சொல்ல வைப்பேன். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், பேனாவை மூடாமல்.

இப்போது உங்கள் ஆய்வேட்டின் உயிர்நாடி என்று நான் நினைப்பது. நீங்கள் உணவுப் பழக்கத்தை ஒரு பகுதியாகவும் பாதுகாப்பை வேறு பகுதியாகவும் பிரித்துவிட்டீர்கள். எல்லோரும் செய்வதுதான். ஊட்டச்சத்துக்காரர்கள் ஒரு துறை, கிருமிக்காரர்கள் வேறு துறை, தாளும் அப்படியே பிரிந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே பாத்திரம்தானே?

ஒன்றரை வயதுக் குழந்தை இருந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். முதல் பகுதியில் அந்த வீட்டுக்கு முழு மதிப்பெண். குழந்தைக்குக் கொடுத்த கஞ்சியில் தானியம், பருப்பு, காய், பால் எல்லாம் இருந்தது, தனியாக முட்டையும் உண்டு. உணவு வகைகளை எண்ணினால் ஐந்து. இரண்டாவது பகுதியிலும் நல்ல பெயர்: கை கழுவுவார், உணவை மூடி வைப்பார். ஆனால் அந்தக் குழந்தைக்கு மாதத்தில் இரண்டு தடவையாவது வயிற்றுப்போக்கு. நான் ஐந்து சுற்று முறையில் நேரம் கேட்டபோதுதான் தெரிந்தது. கஞ்சி காய்ச்சியது காலை ஆறு மணி. ஆறரைக்கு ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை. அதே கஞ்சி, அதே கிண்ணம், அதே கரண்டி. மூடித்தான் வைத்திருந்தார். வயிற்றுப்போக்குக்கு அதுதான் காரணம் என்று ஒரு வீட்டை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருந்த அந்த ஏழரை மணி நேரத்தை என் தாளின் இரண்டு பகுதிகளில் எதுவுமே கேட்கவில்லை.

ஆகவே தலைப்பை மாற்றாதீர்கள். நேற்றைய உணவுப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். எப்போது சமைத்தது. சாப்பிடும் வரை எங்கே, எதில் இருந்தது. மறுபடி சூடு செய்ததா, எப்படி. இரண்டாவது பகுதியில் இருக்கும் ‘எப்போதும், சில சமயம்’ கேள்விகளில் பாதியை எடுத்துவிடலாம். சத்தும் பாதுகாப்பும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிருமியோ நச்சோ கலந்த உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். அதில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 9 சதவீதம்தான். வயிற்றுப்போக்கு வந்த குழந்தை சாப்பிட மறுக்கும், சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது, உடம்பு இளைத்தால் அடுத்த கிருமிக்கு இன்னும் எளிது. நீங்கள் போகும் வீடுகள் அந்த வயதுக் குழந்தைகள் இருக்கும் வீடுகள். அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.


பதில் 2

உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை. மேலே அக்கா சொன்ன மூன்று கட்டங்களுக்கும் என் ஓட்டு. ஏன் என்று கிருமிகள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

"கெட்டுப்போன உணவைக் கொடுப்பீர்களா" என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். மக்கள் கெட்டுப்போனதா என்று பார்ப்பது மூக்கால். நாற்றமும் புளிப்பும் உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு, நோய் உண்டாக்கும் கிருமிகள் வேறு. சால்மொனெல்லா ஏறிய உணவு வாசனையிலும் ருசியிலும் நன்றாகவே இருக்கும். அதனால் 30 பேரும் உங்களிடம் மனசாட்சிப்படிதான் ‘இல்லை’ என்றார்கள்.

சூடு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு, உங்கள் மூன்றாவது கட்டத்தில் இது அடிக்கடி வரும். சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வித்துகள் கொதியலிலும் சாகாது. சமைத்து வெளியே வைத்த உணவில் முளைத்துப் பெருகும், சில வகைகள் வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சை மறுபடி கொதிக்க வைத்தும் அழிக்க முடியாது. கையில் புண் இருப்பவர் தொட்ட உணவில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பெருகினாலும் இதே கதைதான், கிருமி சாகும், நஞ்சு நிற்கும். பெரிய அண்டாவில் சமைத்து மெதுவாக ஆறும் இறைச்சியில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். அதற்குச் சாதகமான சூட்டில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். ஆகவே ‘சூடு செய்தாரா’ என்பதைவிட ‘எவ்வளவு நேரம் வெளியே இருந்தது’ என்பதுதான் முக்கியமான கட்டம்.

பாதுகாப்பான உணவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து விதிகளில் இருக்கும் எண்களை நினைவில் வையுங்கள். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் ஆபத்து. சமைக்கும்போது உள்ளே 70 டிகிரி தொட வேண்டும். சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. அந்தக் கஞ்சிக்கு ஏழரை மணி நேரம்.

முடிந்தால் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் பனிக்கட்டி கரையும் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவில் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாமே ஒரு வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுச் சாப்பாட்டில் சேர்த்துவிடுவோம். உணவு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் யோசனை வந்தால் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து நேரத்துக்குள் கொண்டு வராவிட்டால், பாத்திரத்தில் இருந்த கிருமியையா வழியில் வளர்ந்ததையா எதை எண்ணுகிறோம் என்றே சொல்ல முடியாது.

அந்தக் கத்தி விஷயம். அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக 2019இல் ஒரு சோதனைச் சமையலறை ஆய்வு வெளிவந்தது. கோழிக்கறியில் தீங்கில்லாத அடையாளக் கிருமியைத் தடவிக் கொடுத்து, பக்கத்திலேயே பச்சைக் காய்கறிக் கலவை ஒன்றையும் செய்யச் சொன்னார்கள். கறியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் தொட்டியில் அந்தக் கிருமி இருந்தது. 26 சதவீதம் பேரிடம் அது காய்கறிக் கலவைக்கே போய்விட்டது. இதைவிட என்னை யோசிக்க வைத்தது அடுத்த எண். கறியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் காய்கறியில் அது இருந்தது. கழுவினாலும் கழுவாவிட்டாலும் கை, கத்தி, பலகை வழியாகப் போகிறது. ஆகவே நீங்கள் பார்த்ததைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.


பதில் 3

கிருமித் தொற்று பரவும்போது எதைச் சாப்பிட்டதால் வந்தது என்று தேடும் குழுவில் சில வருடம் இருந்தேன். ‘சாப்பிட்டவரிடம் கேட்டால் தெரியாது, சமைத்தவரிடம் கேள்’ என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஜெர்மனியின் 2011 சம்பவம்.

ஈ.கோலை ஓ104 என்ற கிருமி அந்த ஆண்டு மே மாதம் பரவியது. 3,800 பேருக்கு மேல் நோய், 50 பேருக்கு மேல் சாவு. முதலில் வெள்ளரிக்காய் மேல் சந்தேகம் விழுந்து, விவசாயிகளுக்கு இழப்பு ஏற்பட்டது. உண்மையான காரணம் முளைகட்டிய வெந்தயம். ஏன் உடனே பிடிபடவில்லை? ஒரு ஆய்வில் நோயாளிகளிடம் கேட்டபோது நான்கில் ஒருவர்தான் முளைப்பயிர் சாப்பிட்டதாகச் சொன்னார். தட்டில் அலங்காரமாகத் தூவியதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? பிறகு ஒரு உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களை எடுத்து, அவர்கள் எந்த உணவை ஆர்டர் செய்தார்கள் என்பதை மட்டும் பில், புகைப்படங்களின் துணையோடு உறுதி செய்தார்கள். அதில் என்னென்ன சேர்ந்தது என்பதைச் சமையல்காரரிடம் கேட்டார்கள். அப்போதுதான் முளைப்பயிர் பளிச்சென்று தெரிந்தது.

உங்கள் ஆய்வில் இதன் பொருள்: குழந்தை சாப்பிட்டதைத் தாயிடம் மட்டும் கேட்காதீர்கள். பகலில் ஊட்டியது பாட்டியா, பெரிய பிள்ளையா, அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.


பதில் 4

கணக்குப் பக்கம் மட்டும் சொல்கிறேன், சுருக்கமாக. ஒரு நாள் நினைவை வைத்து ஒரு தனி ஆளுக்கு ‘இரும்புச்சத்து குறைவாகச் சாப்பிடுபவர்’ என்று முத்திரை குத்தாதீர்கள். நேற்று விருந்தாக இருக்கலாம், விரதமாக இருக்கலாம். குழுவின் சராசரிக்கு ஒரு நாள் போதும். ஆளுக்கு ஆள் வழக்கமான அளவு எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், வீடுகளில் ஒரு பங்குக்கு இரண்டாவது முறை போய், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், இன்னொரு நாளைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளும் கலந்து வரட்டும்.

குறைவாக வந்த தாய்மார்களின் தாள்களைத் தூக்கி எறியவும் வேண்டாம். சொன்ன கலோரியை, படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் கலோரியால் வகுத்துப் பார்க்கும் கோல்ட்பர்க் முறை 1991 முதல் இருக்கிறது. அந்த முறை சொல்லும் எல்லைக்குக் கீழே யாரெல்லாம் விழுகிறார்கள் என்று குறித்து, அவர்களைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை முடிவுகளைக் காட்டுங்கள். அளவு கேட்பது மிகவும் சிரமமாக இருந்தால் தாய்க்கு உணவு வகைகளை மட்டும் எண்ணலாம். 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு 10 வகைகளில் 5 என்ற ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் அளவுகோல் போதும். சமைத்ததற்கும் சாப்பிட்டதற்கும் நடுவில் உள்ள நேர இடைவெளியை நிமிடமாகப் பதியுங்கள், ‘2 மணி நேரத்துக்கு மேல் / கீழ்’ என்று களத்திலேயே வெட்டிவிடாதீர்கள். வெட்டியதைப் பிறகு ஒட்ட முடியாது.


கேட்டவர்

என்ன சொல்வதென்று தெரியவில்லை. நால்வருக்கும் நன்றி. கைடிடம் காட்டினேன், மூன்று கட்டங்களுக்கும் சம்மதித்துவிட்டார். போன வாரம் புதுத் தாளோடு ஆறு வீடுகளுக்குப் போனோம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அது ஒரு கஷ்டம். ஆனால் "அப்புறம்?" வேலை செய்கிறது. ஒரு அக்கா மூன்றாவது "அப்புறம்"க்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி எனக்கு மிஞ்சலை, தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டேன்" என்றார். பழைய தாளில் அவர் ‘மூன்று வேளை’ என்று சொன்னவர். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முகத்தை மாற்றாமல் எழுதினேன்.

இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. ஐந்தாவது வீட்டில் முந்தின நாள் இரவு சமைத்து அடுப்பின் மேலேயே இருந்த சோற்றைக் காலை பத்து மணிக்குக் குழந்தைக்கு ஊட்டத் தொடங்கினார்கள். என் முன்னாலேயே. நான் வெறும் பார்வையாளராக இருக்க வேண்டுமா? சொன்னால் மீதிப் பதில்கள் மாறிவிடுமே என்று பயம். சொல்லாமல் இருந்தால் தூக்கம் வராது. அன்றைக்குச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா உடனே கிண்ணத்தை எடுத்துவிட்டு வேறு செய்து கொடுத்தார், ஆனால் அதன் பிறகு என்னிடம் பேசும்போது பார்த்துப் பார்த்துப் பேசினார். தப்பா செய்துவிட்டேன்?


பதில் 1

தப்பே இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

எங்கள் குழுவில் நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். குழந்தையின் வாய்க்கு இப்போதே ஆபத்தானது போகிறது என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிடுவோம். மற்றதெல்லாம், கத்தி, பலகை, துடைக்கும் துணி, பேட்டி முடிந்த பிறகு. முடிந்ததும் தாளை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, அப்போது அக்கா தங்கையாகப் பேசுவோம். தாள் கண்ணில் படாதபோது அவர்களும் கேள்வி கேட்பார்கள். இடையில் சொல்ல நேர்ந்தால், எத்தனை மணிக்கு, எந்தக் கேள்விக்குப் பிறகு சொன்னோம் என்று தாளின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். அதற்குப் பின் வந்த பதில்களை ஆய்வில் தனியாகப் பார்க்கலாம், இழப்பு அவ்வளவுதான்.

ஆனால் இதை உங்கள் நெறிமுறைக் குழுவுக்கு உடனே எழுதிக் கொடுங்கள். சம்மதப் படிவத்திலும் ஒரு வரி சேருங்கள்: குழந்தைக்குத் தீங்கு வரும் என்று தோன்றினால் சொல்வோம், அதை யாரிடமும் புகாராகக் கொண்டு போக மாட்டோம் என்று. வாசித்துக் காட்டும்போதே அம்மாக்களுக்கு அது தெரிந்திருந்தால், நீங்கள் சொல்லும்போது குற்றம் கண்டுபிடித்ததாக இருக்காது.

சொல்லும் விதத்தில் ஒன்று கவனியுங்கள். ‘இப்படிச் செய்யக் கூடாது’ என்று நிறுத்திவிட்டால் அவர் கையில் எதுவும் இல்லை. காலையில் மறுபடி சமைக்க விறகோ நேரமோ இல்லாததால்தான் இரவே சமைத்திருப்பார். "இரவு எத்தனை மணிக்கு அடுப்பை அணைக்கிறீர்கள்? காலையில் குழந்தைக்கு மட்டும் ஒரு பிடி தனியாகச் செய்ய முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலை அப்படியே எழுதுங்கள், அவர் சொன்ன வார்த்தையில். உங்கள் ஆய்வேட்டில் காரணங்களைப் பற்றிப் பேசும் அத்தியாயத்துக்கு அதுதான் பொருள்.

இரவு தண்ணீர் குடித்துப் படுத்தேன் என்று சொன்ன அக்காவைப் பற்றி. உணவு வேளாண்மை நிறுவனத்தின் எட்டுக் கேள்விகள் கொண்ட உணவுப் பற்றாக்குறை அளவுகோல் ஒன்று இருக்கிறது. பணமோ பொருளோ இல்லாமல் வேளை தவறியதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்று படிப்படியாகக் கேட்கும். அதைத் தாளின் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆரம்பத்தில் வேண்டாம். உங்கள் பகுதியில் அவருக்கு உதவக்கூடிய திட்டங்கள், ஆட்கள் யார் என்ற ஒரு துண்டுத் தாளையும் தயாராகப் பையில் வைத்திருங்கள். எல்லா வீட்டிலும் கொடுங்கள், அப்போது யாரையும் தனித்துக் காட்டியதாக ஆகாது.

இரண்டாம் முறை அந்த அக்கா வீட்டுக்கு நீங்களே போங்கள், தோழியை அனுப்ப வேண்டாம். அதே அளவுக் குவளையை எடுத்துப் போங்கள். அவர் நேரம் கேட்டு, குழந்தை தூங்கும் வேளையாகப் பார்த்துப் போனால் நல்லது.